மூக்கைப் பிடித்த கை

1797இல் அஞ்சுதெங்கிலிருந்து இலங்கை முத்துச் சலாபத்துக்கு (முத்துக்குளிப்புக்கு) வந்த ஒரு குளியாள் தண்ணீருக்கடியில் முழுதாக ஆறு நிமிடம் இருந்தார் என்று ராபர்ட் பெர்சிவல் எழுதிவைத்திருக்கிறார். இலங்கையில் பணியாற்றிய ஆங்கிலேயப் படை அதிகாரி அவர். அவருடைய இலங்கை நூல் 1803இல் வெளிவந்தது. அஞ்சுதெங்கு திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கரை. பழைய திருவிதாங்கூர்க் கடற்கரையில் அது ஒரு நடுப்புள்ளி என்றால், அதன் தென்கோடி நம்முடைய இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். ஆறு நிமிடக் கணக்கை அப்படியே நம்ப முடியவில்லை. பிற்காலத்தில் கையில் கடிகாரத்தோடு படகில் உட்கார்ந்து பார்த்தவர்கள், முத்துக் குளிப்பவர் அடியில் இருந்தது பெரும்பாலும் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் முக்குளிப்பு என்றதும் நம் நினைவில் நிற்பது மூச்சுதான். எவ்வளவு நேரம் தம் பிடித்தார், எத்தனை பாகம் ஆழம் போனார் என்பதுதான் இன்றைக்கும் முதல் கேள்வி. நான் சொல்ல வருவது வேறு. இந்தக் கரையின் முக்குளிப்புத் தொழிலுக்குத் தடையாக இருந்தவை கண்ணும் மூக்கும் காலும். அந்த மூன்றுக்கும் விடை கிடைத்த வரிசையைத் தெரிந்துகொண்டால், மாஸ்க்கையும் ஃபின்னையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் தெளிவாகிவிடும்.

பெர்சிவல் காட்டும் காட்சியை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு படகில் தண்டல் (படகுத் தலைவர்) போக இருபது பேர். பத்துப் பேர் துடுப்பு வலிப்பவர்கள், அவர்களே கயிறும் இழுப்பவர்கள். பத்துப் பேர் குளியாட்கள். ஒரு தடவைக்கு ஐந்து பேர் இறங்குவார்கள், அவர்கள் மேலே வந்ததும் அடுத்த ஐவர். இறங்குவதற்குச் சிவந்த கருங்கல் ஒன்று. மேலே குறுகிக் கீழே பருத்து, முனைகள் உருண்டிருக்கும். குறுகிய முனையில் துளையிட்டுக் கயிறு கோத்திருப்பார்கள். குளியாள் அந்தக் கயிற்றை வலது கால் விரல்களால் பற்றிக்கொள்கிறார். சிப்பி அள்ளும் வலைப்பை இடது கால் விரல்களில். வலது கையில் படகோடு இணைந்த இன்னொரு கயிறு. இடது கை மூக்கை இறுகப் பிடித்திருக்கிறது. இந்த நிலையில் நின்றவாக்கில், கால் கீழே, தலை மேலே என்று கல்லோடு சரேலென இறங்குகிறார். தரை தட்டியதும் கல்லை விட்டுவிட, மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்கிறார். வலைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மூச்சு இருக்கும்வரை சிப்பியை அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே தூக்கிவிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இறங்கும்போது இரண்டு கைக்கும் இரண்டு காலுக்கும் வேலை இருக்கிறது. சும்மா இருக்கும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. அந்த நான்கில் மிக முக்கியமான வேலையைச் செய்தது மூக்கைப் பிடித்த இடது கைதான். தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கத்தான் மூக்கைப் பிடித்தார்கள் என்று மேலோட்டமாக நினைத்துவிடுவோம். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இருமடங்காகிறது. செவிப்பறைக்கு உட்புறம் இருக்கும் காற்று அதற்கு ஈடு கொடுக்காவிட்டால் வலி குத்தும், மீறினால் பறை கிழியும். மூக்கை அடைத்துக்கொண்டு மெல்ல ஊதினால் தொண்டையிலிருந்து செவிக்குப் போகும் குழல் திறந்து காற்று உள்ளே போகும், அழுத்தம் சமமாகும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் வால்சால்வா எழுதிவைத்து, மருத்துவ உலகம் அவர் பெயராலேயே வழங்கும் உத்தி இது. அந்தப் பெயரைக் கேள்விப்படாத பரதவரும் கடையரும் முக்குவரும் கையாலேயே அதைச் செய்துவந்தார்கள். வளைகுடா அரபிகள் கொம்பில் செய்த கவ்வியை மூக்கில் மாட்டி அந்தக் கையை விடுவித்துக்கொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைச் சலாபங்களில் அரபிகளும் நம்மவர்களும் ஒரே பாரில் (முத்துச்சிப்பிப் படுகையில்), பக்கத்துப் பக்கத்துப் படகுகளில் குளித்திருக்கிறார்கள். அப்போதும் நம்மவர்களின் வழக்கம் கைதான்.

கண்ணுக்கு வருவோம். மனிதக் கண்ணின் குவிக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கண்ணுக்குள்ளே எங்கோ இல்லை. கண்ணின் முன்புறமுள்ள கருவிழிப் படலமும் வெளிக்காற்றும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. தண்ணீரில் கண்ணைத் திறந்தால் அந்தச் சந்திப்பு இல்லாமல் போகிறது, எல்லாம் கலங்கிய நிழலாகத் தெரிகிறது. கண்ணுக்கு முன்னால் ஒரு கையகலக் காற்றும் அதைத் தடுக்க ஒரு கண்ணாடியும் இருந்தால் போதும், பார்வை திரும்பிவிடும். பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், ஒரு மீட்டரில் இருப்பது முக்கால் மீட்டரில் இருப்பது போலவும் தெரியும். ஆனாலும் தெளிவாகத் தெரியும். கண்ணாடியும் தோலும் பிசினும் 18ஆம் நூற்றாண்டில் அரிய பொருள்கள் இல்லை. பிறகு ஏன் முத்துக்குளித்துறையில் யாரும் கண்ணாடி கட்டிக்கொள்ளவில்லை? நம்மவர்களுக்கு யோசனை போதவில்லை என்று சொல்லிவிடுவது எளிது, தவறும்கூட. அதற்கும் விடை மூக்கில் இருக்கிறது. கண்ணை மட்டும் மூடும் கண்ணாடிக்குள் அடைபட்ட காற்றுக்கு வேறு காற்று வந்து சேர வழியில்லை. பெர்சிவல் சொல்லும் பார்கள் ஐந்திலிருந்து பத்துப் பாகம் வரை ஆழம், அதாவது ஏறத்தாழ 9 முதல் 18 மீட்டர். அங்கே அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கிலிருந்து மூன்று மடங்கை நெருங்கும். கண்ணாடிக்குள்ளிருக்கும் காற்று சுருங்கச் சுருங்க, கண்ணையே உறிஞ்சி இழுக்கும். வெண்விழியின் நுண்குழாய்கள் வெடித்துச் சிவக்கும், இமை கன்றிப்போகும். பத்துப் பாகத்தில் அந்தக் கண்ணாடி கருவி இல்லை, காயம்.

உலகின் மற்றக் கரைகளும் இந்தச் சிக்கலில்தான் முட்டிக்கொண்டன. ஒகினாவாவின் இதோமான் மீனவர்கள் 1884 வாக்கில் மரத்தில் குடைந்து கண்ணாடி பதித்த நீர்க்கண்ணாடியைச் செய்தார்கள். ஜப்பானின் அமா பெண்கள் அத்தகைய கண்ணாடியின் இருபுறமும் சிறு காற்றுப் பைகளை இணைத்தார்கள். ஆழம் போகப்போகப் பை நசுங்கி, உள்ளிருந்த காற்றைக் கண்ணாடிக்குள் தள்ளும். அழகான யோசனை, ஆனால் பையின் கொள்ளளவோடு ஆழம் முடிந்துவிடும். உண்மையான விடை 1930களில் மத்தியதரைக் கடலோரம் உருவானது. கண்ணையும் மூக்கையும் ஒரே அறைக்குள் வைக்கும் மாஸ்க் அது. ஒரே கண்ணாடித் தகடு, சுற்றிலும் ரப்பர் விளிம்பு. மூக்கு உள்ளே இருப்பதால் மூக்கு வழியே சிறிது காற்றை ஊதி மாஸ்க்கின் அழுத்தத்தைச் சமப்படுத்தலாம். கண்ணாடியைக் கண்டுபிடித்ததைவிட மூக்கை உள்ளே சேர்த்ததுதான் பெரிய மாற்றம் என்பது என் முடிவு. அதன் பிறகுதான் மனிதர் பத்து, இருபது மீட்டரில் தன் கண்ணால் பார்த்தபடி வேலை செய்ய முடிந்தது.

இங்கே ஒரு மறுப்பு வரும். செங்கடல் வணிகக் கையேடான பெரிப்ளூஸ் குமரியைக் குறிப்பிட்டு, அதற்கு அப்பால் கொற்கையில் பாண்டியனின் முத்துக்குளிப்பு நடப்பதையும், தண்டனை பெற்ற குற்றவாளிகளை வைத்து அது நடத்தப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறது. அன்றிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு, கண்ணாடி இல்லாமலே தொழில் நடந்திருக்கிறதே, பார்வை அவ்வளவு அவசியம் என்றால் இது எப்படி நடந்தது? நியாயமான கேள்வி. விடை முத்துச்சிப்பியின் இயல்பில் இருக்கிறது. அது பாரில் கூட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடக்கும். விளைந்த பாரின்மேல் படகை நிறுத்திவிட்டால், இறங்கியவர் தேட வேண்டியதில்லை, துழாவி அள்ளினால் போதும். தேடும் வேலை குளியாளிடம் விடப்படவில்லை. பாரை முன்கூட்டியே சோதித்து, மாதிரி எடுத்து, சிப்பி எண்ணிக்கையையும் வயதையும் பார்த்து, விளைந்திருந்தால்தான் சலாபம் அறிவிப்பார்கள். அரசின் சோதனைப் படகும் மிதவைக் கொடியும்தான் அந்தக் காலத்தின் கண். ஆகவே முத்துக்குளிப்பு கண்ணில்லாமல் நடந்தது என்று சொல்வது பாதி உண்மை. குளியாளின் கண்ணில்லாமல் நடந்தது என்பதே சரி. விளைவு, குளியாள் எப்போதும் வேறொருவர் காட்டிய இடத்தில் இறங்குபவராகவே இருந்தார். பார்வை கையில் இல்லாதவருக்குப் பங்கில் பேரம் பேசும் வலுவும் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் நுட்பமானது. பழகினால் கண் தண்ணீருக்குள்ளும் பார்க்கும் என்பார்கள். இது வெறும் பேச்சில்லை. தாய்லாந்து, மியான்மர் கரையோரம் வாழும் மோக்கன் மக்களின் குழந்தைகளை ஸ்வீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் சோதித்து 2003இல் வெளியிட்ட முடிவில், அவர்கள் நீருக்கடியில் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இருமடங்குக்கும் மேல் கூர்மையாகப் பார்த்தார்கள். பாவையை மிகவும் சுருக்கிக்கொள்ளக் கண் பழகியிருக்கிறது. நம் கரையின் குளியாட்களுக்கும் இதில் ஓரளவு கைவந்திருக்கக் கூடும். ஆனால் இருமடங்கு என்பது கலங்கலில் இருமடங்கு. மாஸ்க் போட்ட சாதாரணக் கண்ணை அது எட்டாது. மணலில் பாதி புதைந்து, மேலே பாசி படிந்து, மணலின் நிறத்திலேயே கிடக்கும் சங்கைப் பத்தடி தூரத்திலிருந்து பிரித்தறிய அந்தப் பழக்கம் போதாது.

குமரி மாவட்டத்துக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. இங்கே முத்துப் பாரைவிடப் பாறைதான் முக்கியம். முட்டம், கடியப்பட்டணம், குளச்சல், இனயம் என்று மேற்கே போகப்போக, கரையோரத்திலும் சற்றுத் தள்ளியும் எழுந்து நிற்கும் பாறைகளில் சிப்பி விளைகிறது. ஊரில் சிப்பி என்றால் முத்துச்சிப்பி என்று யாரும் நினைக்க மாட்டார்கள், அவித்துத் தின்னும் சிப்பிதான். அதில் பழுப்பு ஓட்டுச் சிப்பியை குரியாக்கோஸ், நாயர் என்ற இரு ஆய்வாளர்கள் 1976இல் தனி இனமாக விவரித்துப் பெர்னா இண்டிகா என்று பெயரிட்டார்கள். கேரளத்தின் தென்பகுதியிலிருந்து குமரிமுனை வரையிலான கரைதான் அதன் வளமான இருப்பிடம். தென்மேற்குப் பருவத்தின் கொந்தளிப்பு ஓய்ந்து, நீர் தெளிந்த பிறகு அறுவடை தொடங்கும். சிப்பி தன் உடலிலிருந்து சுரக்கும் நாரால் பாறையை இறுகப் பற்றியிருக்கும். கையால் பிய்த்தால் விரல்தான் கிழியும். இரும்புப் பாரையோ உளியோ கொண்டு நெம்பிப் பெயர்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட வேண்டும். பெரும்பாலும் சில பாக ஆழம்தான். கல் கட்டி இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆழம் குறைவு, ஆனால் பார்வை கட்டாயம். இதுதான் பாறைச் சிப்பித் தொழிலுக்கும் முத்துக்குளிப்புக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. அலை பாறையில் மோதித் திரும்பும் இடத்தில் ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இரும்பைச் சரியாக ஓட்டின் அடியில் செருக வேண்டும். பெரியதைப் பெயர்த்துச் சிறியதை விட வேண்டும். கடல் முள்ளெலி மேல் கை வைத்துவிடக் கூடாது. அடுத்த அலை எந்தப் பக்கமிருந்து தூக்கும் என்பதும் தெரிய வேண்டும். கண்ணை மட்டும் மூடும் எளிய நீர்க்கண்ணாடிகூட இந்த ஆழத்தில் பெரிய தீங்கில்லாமல் உழைத்தது, மூக்கோடு சேர்ந்த மாஸ்க் அதைவிட நன்றாக உழைத்தது. கருவி எதுவென்று தீர்மானித்தது ஆழமும் வசதியும் மட்டுமல்ல, அடியில் கிடக்கும் பொருள் எப்படிக் கிடக்கிறது என்பதும்தான். முத்துச்சிப்பி குவிந்து கிடந்தது, கல்லும் கையும் போதுமாயிருந்தன. பாறைச் சிப்பி ஒட்டிக் கிடக்கிறது, கண் வேண்டும். சங்கு சிதறிக் கிடக்கிறது, அதற்குக் கண்ணோடு காலும் வேண்டும்.

காலின் கதை இன்னும் குறுகியது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி த கோர்லியூ 1933இல் காலில் மாட்டும் ரப்பர் துடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். டஹிட்டியில் ஓலை முடைந்து தார் பூசிக் காலில் கட்டி நீந்திய மக்களின் வழக்கமே தனக்குத் தூண்டுதல் என்று சொன்ன அமெரிக்கர் ஓவன் சர்ச்சில் 1940இல் தன் ஃபின்னைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். உலகப் போரில் முக்குளிப்புப் படையினர் அதைப் பயன்படுத்தினார்கள். ஓலையும் பனைமட்டையும் நம் கரையில் இல்லாத பொருளா? இருந்தும் இங்கே கால்துடுப்பு பிறக்கவில்லை. பெர்சிவலின் காட்சிக்குத் திரும்பினால் காரணம் புரியும். வலது கால் விரல் கல்லைப் பிடித்திருக்கிறது, இடது கால் விரல் வலைப்பையைப் பிடித்திருக்கிறது. விரலை மூடும் எதையும் அந்தக் காலில் மாட்ட முடியாது. இறங்குவதற்குக் கல், ஏறுவதற்குக் கயிறு, இடையில் அள்ளுவதற்குக் கை என்று ஆகிவிட்ட பிறகு நீந்துவதற்கு அங்கே இடமே இல்லை. ஒரு விதிவிலக்கையும் பெர்சிவல் சொல்கிறார். சில குளியாட்கள் பிறைநிலா வடிவக் கல்லை வயிற்றில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள், கால்கள் இரண்டும் விடுதலையாக இருந்தன. இன்று முக்குளிப்பவர் இடுப்பில் கட்டும் ஈயக் கச்சையின் மூத்த வடிவம் அது. அதிலிருந்து ஒரே ஒரு எட்டு வைத்திருந்தால் ஃபின்தான். அந்த எட்டு வைக்கப்பட இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

அது நடந்தது தூத்துக்குடியில். 1943இல் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய அக்குவாலங் என்ற காற்றுக்கலக் கருவி 1950களின் இறுதியில் மன்னார் வளைகுடாவுக்கு வந்தது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அனுப்பிய இத்தாலிய வல்லுநர் பஸ்கியேரி சல்வதோரி முத்துப் பார்களையும் சங்குப் படுகைகளையும் ஆராய்ந்தார். அவருடைய அறிக்கை 1960இல் வந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள், மகாதேவனும் நாகப்பன் நாயரும், தாங்களே முக்குளித்துப் பார்களைப் பதிவு செய்தார்கள். அதுவரை மேலிருந்து மாதிரி எடுத்தே மதிப்பிடப்பட்ட பாரை, அளவிடத் தெரிந்த கண் நேரே பார்க்கத் தொடங்கியது. இதே சமயத்தில்தான் பழைய முறை முடிவுக்கும் வந்தது. 1955இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961இல் நின்றது, பிறகு நடக்கவில்லை. சங்குகுளி தொடர்ந்தது, கல் போய் மாஸ்க்கும் ஃபின்னும் வந்தன. கடையில் ஃபின் வாங்க முடியாதவர்கள் அலுமினியத் தகட்டை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டார்கள். மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் கடல் அட்டைக்கு முங்கியவர்களும் அதே தகட்டோடுதான் போனார்கள். ரப்பர் ஃபின்னைப் போல் அது வளைந்து கொடுக்காது, கணுக்காலுக்குக் கடுமை. ஆனாலும் பரந்த மணல்தரையைத் தலைகுனிந்து தேடிக்கொண்டே போவதற்கு அதுவே போதுமாக இருந்தது. இராமநாதபுரத்துத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களோ கண்ணாடியை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். காலில் ரப்பர் செருப்பு, விரல்களில் சுற்றிய துணி. அவர்கள் வேலை செய்வது பாறை முளைத்த ஆழம் குறைந்த நீர், அங்கே நீந்துவதைவிட நிற்பதும் பற்றுவதும் முக்கியம். அந்தத் தேர்வில் ஓர் அறிவு இருக்கிறது.

மாஸ்க்கும் ஃபின்னும் கடலைக் காலி செய்துவிட்டன என்ற குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. கண் தெரிந்ததும் கை நீண்டது. முன்பு தப்பிய சங்கும் அட்டையும் சிங்கி இறாலும் தப்பவில்லை. 2001இல் கடல் அட்டை இனங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்க வேண்டிய நிலை வந்ததற்கு இந்தப் பார்வையும் ஒரு காரணம். ஆனால் எல்லாப் பழியையும் கண்ணாடிமேல் போடுவது நியாயமில்லை. மூச்சைப் பிடித்து முங்குபவருக்கு இயற்கை ஓர் எல்லை வைத்திருக்கிறது, நிமிடக் கணக்கில் மேலே வந்தாக வேண்டும். அந்த எல்லையை உடைத்தது படகிலிருந்து குழாய் வழியே காற்றை அனுப்பும் கம்ப்ரசர். அது வந்த பிறகுதான் ஒருவர் மணிக்கணக்கில் அடியில் கிடந்து வழித்தெடுக்க முடிந்தது. அளவு குறைந்த சங்கைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்று சங்குத் துறையில் நெடுங்காலமாக விதி இருந்தது. அந்த விதியைக் கடலடியிலேயே நிறைவேற்றக் கண் தேவை. கண் தெரியாதவர் எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்த பிறகுதான் சிறிதும் பெரிதும் பிரிக்க முடியும்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காக முங்குபவர்களுக்கு என்ன பொருத்தம் என்று கேட்கலாம். இன்று ஸ்கூபாவும் ஃப்ரீடைவிங்கும் கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் நம் மாவட்டத்திலும் பெருகிவருகிறார்கள். கருவியைப் பெயரையும் விலையையும் பார்த்து வாங்குகிறார்கள். தொழில் செய்தவர்களின் வரலாறு அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. முதலாவது, நீச்சல் குளத்துக் கண்ணாடியோடு ஆழம் போகக் கூடாது. மூக்கு வெளியே இருக்கும் எதுவும் கண்ணைப் பதம் பார்க்கும். இரண்டாவது, மாஸ்க்கின் கொள்ளளவு. எளிய கணக்கு இது. 20 மீட்டரில் அழுத்தம் மூன்று மடங்கு. 200 மில்லி கொள்ளும் மாஸ்க் ஒன்றைச் சமப்படுத்த, கரையில் அளந்த கணக்கில் இன்னும் 400 மில்லி காற்றை மூக்கு வழியே உள்ளே விட வேண்டும். 80 மில்லி மாஸ்க் என்றால் 160 போதும். முதுகில் காற்றுக்கலம் சுமக்கும் ஸ்கூபாக்காரருக்கு இது பொருட்டில்லை, அவர் அகன்ற பார்வைக்காகப் பெரிய மாஸ்க்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரே மூச்சோடு போகிறவருக்கு அந்த வேறுபாடு, காதைச் சமப்படுத்த வைத்திருந்த காற்றிலிருந்து போகிறது. அதனால் ஃப்ரீடைவிங்குக்குக் கண்ணாடி கண்ணுக்கு மிக அருகில் இருக்கும் சிறிய மாஸ்க்தான் சரி. முகம் முழுவதையும் மூடிக் குழாயோடு வரும் மாஸ்க் மேற்பரப்பில் மிதந்து பார்ப்பதற்கு மட்டுமே, அதோடு யாரும் முங்கக் கூடாது.

விளிம்பு முகத்தில் படிவது அடுத்த விஷயம். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால், கையை எடுத்த பிறகும் அது ஒட்டி நிற்க வேண்டும். நிற்காததைப் பட்டையை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, இறுக்க இறுக்க விளிம்பு மடங்கி நீர் கசியும். மீசை வைத்தவர்களுக்கு மேலுதட்டில்தான் கசிவு. விளிம்பு மூக்கின் அடியோடு நெருங்கி முடியும் வடிவத்தையோ, விளிம்பு படியும் அந்தக் கோட்டில் மட்டும் மீசையைச் சற்று மழிப்பதையோ தேர்ந்துகொள்ள வேண்டும். கண்ணாடி உரமேற்றிய கண்ணாடியாக இருக்கட்டும். பாறையில் மோதும் கடலில் சாதாரணக் கண்ணாடி உடைந்தால் சில்லு கண்ணுக்குத்தான் போகும்.

ஃபின்னில்தான் அதிகமாக ஏமாறுகிறார்கள். படங்களில் பார்க்கும் நீளமான கார்பன் ஃபின் ஆழத்துக்கு நேர்கீழே போய் நேர்மேலே வரும் ஃப்ரீடைவருக்காகச் செய்யப்பட்டது. அதிக நீரை மெல்லத் தள்ளிக் குறைந்த மூச்சில் நெடுந்தூரம் போக வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் முட்டத்துப் பாறைக்கும் குளச்சல் பாறைக்கும் நடுவே, அலை உள்ளிழுத்து வெளித்தள்ளும் இடத்தில், முக்கால் மீட்டர் நீள அலகு பாறையில் அடிபட்டு விரிசல் விடும். திரும்பவும் இடம் இருக்காது. நீவாடு (நீரோட்டம்) பக்கவாட்டில் பிடித்தால் நீண்ட அலகு கணுக்காலைத் திருகும். இந்தக் கரைக்கு நடுத்தர நீளமுள்ள, ரப்பரோ நல்ல பிளாஸ்டிக்கோ ஆன, சற்று விறைப்பான ஃபின் போதும். பாறையில் நடந்து இறங்க வேண்டிய ஸ்கூபாக்காரர் குதிகால் திறந்த ஃபின்னும் அடித்தோல் தடித்த காலணியும் எடுப்பது நல்லது. தெளிந்த நீரில், பாறையை விட்டு விலகிய ஆழத்தில், படகிலிருந்து இறங்கிப் பயிற்சி செய்பவருக்கு நீண்ட ஃபின் பொருந்தும், அதை மறுக்கவில்லை. பாதம் நுழையும் பகுதியின் அகலத்தையும் பாருங்கள். மணலில் வெறுங்காலோடு வளர்ந்த பாதம் விரல்பக்கம் விரிந்திருக்கும். நீள அளவை மட்டும் பார்த்து வாங்கினால் அரைமணி நேரத்தில் விரல் மரத்துப்போய்க் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

பழைய சலாபத்துப் படகிலிருந்து எடுத்துக்கொள்ள இன்னொன்று இருக்கிறது. பத்துக் குளியாளுக்குப் பத்துப் பேர் மேலே கயிற்றோடு நின்றார்கள். இறங்கும் ஒவ்வொருவருக்கும் மேலே ஒரு கண் இருந்தது. மூச்சடக்கி மேலே வருபவர் கடைசிச் சில மீட்டரில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவிழக்கக் கூடும், பக்கத்தில் ஆள் இருந்தால் பிழைப்பார். மாஸ்க்கும் ஃபின்னும் கயிறு பிடிப்பவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டன. தனியாகவே எல்லாம் முடியும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. எவ்வளவு நல்ல கருவி வாங்கினாலும் ஒருவர் முங்கும்போது இன்னொருவர் மேலே இருந்து பார்க்க வேண்டும்.

மாஸ்க்கில் மூக்குக்கென ஒரு மென்மையான பை இருக்கிறதே, பெர்சிவல் கண்ட குளியாளின் இடது கை அன்று செய்த வேலை இன்று அதற்குள்தான் நடக்கிறது. கடையில் மாஸ்க்கைக் கையில் எடுத்ததும் முகத்தில் வைத்து, அந்தப் பையின் வழியாக மூக்கின் இரு பக்கத்தையும் இரண்டு விரலால் முழுதாக அடைக்க முடிகிறதா என்று பாருங்கள். கையுறை போடுபவராக இருந்தால் கையுறையோடு பாருங்கள். மெல்ல ஊதி, காது திறக்கிறதா என்றும் பாருங்கள். மூக்கு பிடிபடாவிட்டால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் அதைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.